வயிற்று வலிக்காரர்

"வலி எங்க ஆரம்பிச்சுதுங்க ஐயா?"

"தொப்புளைச் சுத்தி, டாக்டர். நேத்து ராத்திரி. இப்ப இங்க இறங்கி உக்காந்துக்கிச்சு." வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார் அவர்.

சின்ன டாக்டர் தன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். காலையிலிருந்து வந்துபோன மற்றச் சின்ன டாக்டர்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. ஆளாளுக்கு ஜில்லென்ற விரல்களால் அமுக்கி, அவர் வயிற்றை மத்தளமாக்கிவிட்டுப் போயிருந்தார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: குடல்வால் வீக்கம்.

மூலையில் பெரிய டாக்டர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மாணவர்கள் படிக்கிற ஆஸ்பத்திரி என்றால் அப்படித்தான். ஒரு வயிற்றுக்குப் பத்துக் கை.

"அழுத்தும்போது வலிக்குதா, கையை எடுக்கும்போதா?"

"எடுக்கும்போதுதான் உயிரே போகுது."

"சாப்பாடு?"

"சோத்தைக் கண்டாலே குமட்டுது."

"குடல்வால் மாதிரிதான் இருக்கு சார்," என்றாள் சின்ன டாக்டர்.

"சரி, நீ போகலாம்," என்றார் பெரிய டாக்டர்.

அவள் போகவில்லை. நாடி பார்க்கப் பிடித்த மணிக்கட்டை இன்னும் விடாமல் வைத்திருந்தாள். புருவம் சுருங்கியது.

"காய்ச்சல் இல்ல. ஆனா நாடி குதிரை மாதிரி ஓடுதே."

"வலியில ஓடுதோ என்னமோ," என்றார் அவர்.

"இருக்கலாம். ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. விரலை விரிச்சுக்கோங்க."

நீட்டிய விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள். மின்விசிறி ஓடவில்லை, ஜன்னலும் மூடியிருந்தது. ஆனாலும் தாள் படபடவென்று துடித்தது.

"உடம்பு இளைச்சிருக்கா?"

இதற்கு என்ன சொல்வதென்று அவருக்குச் சட்டென்று தெரியவில்லை. பெரிய டாக்டரைப் பார்த்தார். அவர் முகத்தில் எந்தக் குறிப்பும் இல்லை.

"இளைச்சுதாங்க இருக்கு. ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடறேன், ஒட்டவே மாட்டேங்குது."

"இப்பதானே குமட்டுதுன்னீங்க?"

"அது... இன்னிக்கு."

"வேர்க்குமா? தூக்கம்? கோபம் வருமா?"

அவர் மனைவி பல மாதமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். சட்டை தொளதொளவென்று தொங்குகிறது, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறீர்கள், ஒரு டாக்டரைப் பாருங்கள் என்று. "வயசானா அப்படித்தான்" என்று அவரும் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். ஊசி என்றாலே அவர் காத தூரம் ஓடுவார்.

"எல்லாமே உண்டும்மா," என்றார் மெல்ல.

"இந்தத் தண்ணியை ஒரு வாய் குடிச்சு முழுங்குங்க." அவர் பின்னால் போய் நின்று, கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். முழுங்க முழுங்க, விரலடியில் ஏதோ மேலே ஏறி இறங்கியது.

"நேரம் முடிஞ்சு போச்சும்மா," பெரிய டாக்டரின் குரல் கடுத்தது. "வயித்து வலின்னு வந்தவர் கழுத்துல என்ன தேடற?"

"சார், நீங்களும் ஒரு தடவை தொட்டுப் பாருங்க. அப்புறம் என்னைத் திட்டுங்க."

பெரிய டாக்டர் வேண்டாவெறுப்பாக எழுந்து வந்தார். தொட்டார். இன்னொரு முறை தொட்டார். பிறகு அவரே அந்த மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். கடுகடுப்பு போன இடம் தெரியவில்லை.

"கழுத்துல என்னங்க டாக்டர்?" வயிற்றைப் பிடித்திருந்த கை எப்போதோ இறங்கிவிட்டிருந்தது.

"பயப்படாதீங்க. ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துடலாம்," என்றார் பெரிய டாக்டர்.

முடிவு வந்த அன்று மனைவியும் கூட வந்திருந்தாள்.

"தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்குது," என்று விளக்கினார் பெரிய டாக்டர். "கவனிக்காம விட்டிருந்தா இதயத்துல கொண்டுபோய் விட்டிருக்கும். நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது. மாத்திரையிலயே அடங்கிடும்."

மனைவிக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது போலிருந்தது. அவருக்கும்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தச் சின்ன டாக்டர் பொண்ணுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லணும் சார்," என்றார்.

"வார்டுல இருக்கா. வரச் சொல்லியிருக்கேன்."

"நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன் டாக்டர், ஆஸ்பத்திரிக்குப் போங்க போங்கன்னு," மனைவிக்கு இப்போது பழைய தெம்பு வந்துவிட்டது. "காதுல வாங்கினாத்தானே? வயித்து வலி வந்து உருட்டின பிறகுதான் என் பேச்சைக் கேட்கணும்னு தோணியிருக்கு."

அவர் கூரையைப் பார்த்தார்.

"ஆமா, அந்த வயித்து வலிக்கு நீங்க ஒண்ணுமே எழுதலையே டாக்டர்?" என்று கேட்டாள் மனைவி.

பெரிய டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "வீட்டுல சொல்லவே இல்லையா நீங்க?" என்று கேட்டுவிட்டு, மனைவி பக்கம் திரும்பினார்.

"அந்த வலியை இவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தாம்மா. அன்னிக்கு எங்க பசங்களுக்குப் பரீட்சை. நோயாளியா நடிக்க நல்ல நாடக நடிகர் ஒருத்தர் வேணும்னு இவரைக் கூப்பிட்டேன். இவர் நடிப்புல வந்தவங்க அத்தனை பேரும் ஏமாந்துட்டாங்க, நான் உட்பட. அந்தப் பொண்ணு ஒருத்திதான் நடிப்பை விட்டுட்டு ஆளைப் பார்த்தா."