அஞ்சரைக் கட்டை

"நாலு கட்டையில வச்சுக்கலாமாம்மா? உங்க குரலுக்கு அதுதான் சுகம்" என்றார் ஆர்மோனியக்காரர்.

நாடகக் கதாநாயகி வேடத்துக்கு மூன்றாவது முறையாகப் பாடிக்காட்ட வந்தவளுக்குச் சுருக்கென்றது.

"அஞ்சரை! சொன்ன சுருதியில வாசிங்க. பெட்டி அமுக்குறவர் எனக்குப் பாட்டுச் சொல்லித்தர வேண்டாம்."

"சரிம்மா."

பாடினாள். போன இரண்டு முறையும் உடைந்துபோன உச்சி வரி, இன்று வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தது.

"என்ன பெரியவரே, காது குளிர்ந்துச்சா?" என்றாள் இளக்காரமாக.

"நல்லாக் குளிர்ந்துச்சும்மா."

இயக்குநர் எழுந்து கைதட்டினார். "வேடம் உங்களுக்குத்தான்! வந்தவங்கெல்லாம் அஞ்சரையில கத்திட்டுப் போனாங்க. நீங்க ஒருத்தர்தான் தன் குரலைத் தெரிஞ்சுக்கிட்டு நாலு கட்டையில பாடினீங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஆர்மோனியக்காரர் பெட்டியின்மேல் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.