மாசி மாசத்துக் கிரகணம்

“அன்னிக்கி என்னாத்தடி நறுக்கின? இப்பவாவது வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்!”

மாமியார் ராஜாமணி நடுக்கூடத்தில் நின்று கத்தினாள். பாஞ்சாலி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. குழந்தையை மடியில் நிமிர்த்திச் சாய்த்து, பீய்ச்சி எடுத்த பாலைப் பாலாடையால் அதன் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். மேலுதடு மூக்குவரை பிளந்து, அண்ணத்திலும் ஓட்டையோடு பிறந்த பெண் குழந்தை. கொஞ்சம் அவசரப்பட்டாலும் பால் மூக்கு வழியாக வந்துவிடும்.

மாசி மாசம் பிடித்ததே சூரிய கிரகணம், அன்றைக்குத் திண்டிவனமே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி கிரகணத்தில் எதையாவது நறுக்கினால் பிள்ளைக்கு உதடு அறுந்துவிடும் என்பது ராஜாமணியின் கட்சி. பிள்ளை பிறந்ததிலிருந்து இந்த ஒரே பாட்டுதான்.

“நீங்கதானே என்னை உள்ள தள்ளி வெளித் தாப்பா போட்டீங்க? அருவாமனை உங்ககிட்டதானே இருந்துச்சு? நான் நகத்தைக்கூட கடிக்கல. போதுமா?”

“பாத்தீங்களாண்ணே, உங்க பொண்ணு வாய!” ராஜாமணி சம்பந்தி பக்கம் திரும்பினாள்.

பாஞ்சாலியின் அப்பா கண்ணையன் கெடாரிலிருந்து விழுப்புரம் வந்து, பஸ் மாறி, அப்போதுதான் வந்திருந்தார். மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ஆள் அனுப்பியதே ராஜாமணிதான். பாவம் மனுஷர், கொண்டுவந்த மல்லாட்டைக் கடலைப் பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

“கொஞ்ச நாளைக்குத்தானே சம்மந்தி?” என்றார்.

“கொஞ்ச நாளா? முகையூர்லேருந்து வந்து இந்த ஊர்ல மானமா பொழச்சிக்கினு இருக்கேன். இந்த மூளிய வெச்சிக்கினு தெருவுல எப்பிடி நடப்பேன்? ஆம்பளையா இருந்தாலாவது எப்பிடியோ ஒப்பேத்திடலாம். பொட்டப்புள்ள! கூட்டிக்கினு போயிடுங்க. எம் புள்ளைக்கு நான் வேற எடம் பாத்துக்கறேன்.”

“யாரும் எங்கயும் போகல,” என்றாள் பாஞ்சாலி. “ஒதட்டை இப்பவே தெச்சிடலாம், அண்ணத்தை ஒரு வயசுக்கு மேல மூடிடலாம்னு பாண்டி ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொல்லிச்சு. நான் தூக்கிக்கினு போறேன். எம் பொண்ண மூளின்னு இன்னொரு தரம் சொன்னீங்க, மாமியார்னு பாக்க மாட்டேன்.”

“கம்னு இரும்மா,” என்று கண்ணையன் பதறினார்.

“எதுக்கு நைனா கம்னு இருக்கணும்?”

சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் தையல்நாயகி வாசலுக்கே வந்துவிட்டாள். “ஐயோ, புள்ள மூஞ்சிய மூடுடி!” என்று ராஜாமணி ஒரு துண்டை எடுத்து வீசினாள். பாஞ்சாலி அதைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, குழந்தையை வாசல் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

“நல்லா பாருங்கக்கா. எம் பொண்ணுதான். மூடி மறைக்க இவ என்னா திருடிக்கினா வந்தா?”

சொல்லிவிட்டு, சுவரோரம் நின்றிருந்த புருஷன் வேங்கடேசனைப் பார்த்தாள். மேலுதடு எங்கே என்று தேடவேண்டிய அளவுக்கு முறுக்கு மீசை அவனுக்கு. அவள் விளையாட்டுக்குத் தொட்டால்கூடக் கையைத் தட்டிவிடுவான். கல்யாணமான புதிதில் திருப்பதியில் மொட்டை போட்டபோது, மீசைப் பக்கம் வந்த கத்தியை மறித்ததே ராஜாமணிதான். “மீசை இருக்கட்டும்பா, ஆம்பளைக்கு அதான் லட்சணம்.” என்ன லட்சணமோ! இவ்வளவு பெரிய மீசை வைத்து என்ன பிரயோசனம், பெற்ற பெண்ணுக்காக ஒரு வார்த்தை பேசக் காணோமே என்று பாஞ்சாலிக்கு வயிறு எரிந்தது.

“டேய், ஜல்தியா போயி ஒரு ஜட்கா கூட்டிக்கினு வா. இவங்களை பஸ் ஸ்டாண்டுல வுட்டுடலாம்,” என்றாள் ராஜாமணி.

வேங்கடேசன் குழந்தையின் மூக்கோரம் வழிந்திருந்த பாலைச் சுண்டுவிரலால் துடைத்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

“போய்யா போ! நீயும் உன் மீசையும்!” பாஞ்சாலி அவன் முதுகைப் பார்த்துக் கத்தினாள். இந்தப் பொம்பளை முன்னாலயா அழுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ராஜாமணி மருமகளின் சேலைகளைப் பையில் திணித்தாள். பாஞ்சாலி ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் கொடியில் போட்டாள். இப்படியே இழுபறி நடந்துகொண்டிருந்தபோது வாசலில் ஜட்கா வந்து நின்றது.

வேங்கடேசன் தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தான். “மாப்ள அழுவுறாரு,” என்று கண்ணையன் முணுமுணுத்தார்.

“பாஞ்சாலி, புள்ளைக்குத் துணிமணி எடுத்துக்கோ. பாண்டி பஸ்ஸைப் புடிக்கலாம்,” என்றான் வேங்கடேசன் துண்டுக்குள்ளிருந்து.

“யாரைக் கேட்டுக்கினுடா பாண்டிக்குப் போற?” ராஜாமணி குறுக்கே பாய்ந்தாள். “கிரகணத்துல எதையோ நறுக்கிட்டு புள்ளைய அறுத்துப் பெத்தவ அவ! அதுக்கு நீ எதுக்குடா அலையணும்?”

வேங்கடேசன் துண்டை எடுத்தான்.

மீசை இல்லை. மழமழவென்று சிரைத்திருந்தது. மேலுதட்டிலிருந்து மூக்குத் துவாரம் வரைக்கும் பழைய தையல் தழும்பு ஒன்று கோணலாக ஏறியிருந்தது. பாஞ்சாலி குழந்தையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். ராஜாமணி ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினாள்.

“நான் உன் வயித்துல இருக்கசொல்ல, நீ என்னாத்தம்மா நறுக்கின?”