சற்றுத் தள்ளி

நான் அக்காவுக்கு இடது பக்கம் நின்றேன். அப்படித்தான் நினைவு. அக்காவைக் கேட்டால் வலது பக்கம் என்கிறாள். இத்தனை வருடம் கழித்து எதை நம்புவது என்று தெரியவில்லை.

அங்கே நின்றிருக்கவே கூடாது. அது மட்டும் நிச்சயம்.

அக்காவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அந்த நேரத்தில் தங்கை கூடத்துக்கு வரக் கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் அக்காவுக்குத் தனியாகப் போகப் பயம். காபித் தட்டின் மறுபக்கத்தை என்னைப் பிடிக்கச் சொன்னாள்.

மாப்பிள்ளையின் புகைப்படம் அவளுக்குப் பிடித்திருந்தது. இதற்கு முன்னால் வந்த வரன் எதற்கும் அவள் சரி என்று சொன்னதில்லை.

தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணை எடுக்கவில்லை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பயத்தால் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது பயம் இல்லை.

அத்தை அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளைக்குச் சின்னவளத்தான் புடிச்சிருக்கு போல" என்றாள் அத்தை, சிரிக்கிற மாதிரி. பிறகு என்னிடம், "ஏட்டி, உள்ள போ. ஒன்ன யாரு வரச் சொன்னா?"

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

நான் அடுக்களை வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தேன்.

அவர் பார்வை என்னோடு வரவில்லை.

நான் நின்ற இடத்திலேயே இருந்தது. அங்கே இப்போது சுவரும் சுவிட்சுப் பலகையும்தான். சுவிட்சுப் பலகையை அவர் அதே ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"எடுக்காதய்யா" என்று அவருடைய அம்மா முணுமுணுத்தாள். "பேசி முடியட்டும்."

எடுத்தார். விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் குழல். சின்னத் தொலைநோக்கி.

"எனக்கு நேராப் பாத்தா நடுவுல ஒண்ணும் தெரியாது" என்றார், அக்காவிடம். "ஓரத்துலதான் தெரியும். அதனால தள்ளிப் பாப்பேன். இவ்வளவு நேரமும் ஒங்களத்தான் பாத்துட்டிருந்தேன்."

அப்பா அத்தையைப் பார்த்தார்.

"முகம் சரியாத் தெரியல. பஸ் போர்டு பாக்கதுக்கு ஆஸ்பத்திரியில குடுத்தது இது. இதுல பாக்கட்டுமா?"

அப்பாவிடம் கேட்கவில்லை. அத்தையிடம் கேட்கவில்லை.

அக்கா மெல்லத் தலையசைத்தாள். அது அவருக்குத் தெரிந்திருக்காது. அவர் காத்திருந்தார்.

"பாருங்க" என்றாள்.

குழலை வலது கண்ணில் வைத்து, முனையைத் திருகினார்.

அக்கா நிமிர்ந்து அந்தக் கண்ணாடிக்குள் பார்த்தாள்.

நெடுநேரம்.

"என்ன தெரியுது?"

"கோவமா இருக்கீங்க."

"இருக்க மாட்டனா?"

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. ஆனால் ஒரு டம்ளரை எடுத்து, அவர் விரலில் படும்வரை கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு, கண் தெரியாதவர் வேண்டாம் என்று அப்பாவும் அத்தையும் சொன்னது எதுவும் எடுபடவில்லை.

ஆவணியில் கல்யாணம். அத்தை வரவில்லை. அப்பா வந்தார், முகம் கொடுத்துப் பேசவில்லை. பேரன் பிறந்த பிறகு பேசினார். அப்பா இப்போது இல்லை. அக்காவும் அத்தானும் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார்கள். வட்டப் பூதக்கண்ணாடியைத் தாளின் மேல் நகர்த்தி நகர்த்தி அத்தான் நாளிதழ் முழுவதையும் படித்துவிடுகிறார். அந்தப் பேரன் துபாயில் இருக்கிறான்.

நான் அந்தக் கல்யாணம் முடிந்த மறுமாதமே கோயம்புத்தூரில் வேலை தேடிக்கொண்டேன். இங்கேயே இருந்துவிட்டேன்.