கருகாத ஒரே இடம்

அந்தப் படிகம் சுண்டுவிரல் நகம் அளவு தான். முதல் லேசர் துடிப்பு பட்டா உள்ள இருக்கிற அணுக்கள் எல்லாம் அதிர ஆரம்பிச்சுடும். ரெண்டாவது துடிப்பு சரியான நேரத்துல போய்ச் சேர்ந்தா அதிர்வு அப்படியே நின்னுடணும். பெனாசிர் மேடத்தோட மூணு வருஷ ஆராய்ச்சியே இது தான். நான் அவங்க லேப்ல டெக்னீஷியன். நாலு நாளா அதிர்வு நின்ன பாடில்லை. படிகத்துல லேசர் சுட்ட இடமெல்லாம் கருகிப்போய் ஒரே ஒரு இடம் மிச்சம். மத்தியானம் மெஷின் வேற குழுவுக்குப் போயிடும்.

"என் கணக்கு தான் தப்புண்ணே. புரொபசருக்கும் எழுதிட்டேன்"னாங்க.

"இதையும் சுட்டுட்டு அழலாம், இருங்க."

"வாய் அப்புறம். பட்டனை அழுத்துங்க."

அப்ப தான் குனிஞ்சு பார்த்தேன். உட்கார்ந்தா காலாட்டுற பழக்கம் எனக்கு. என் முட்டி லேசர் மேஜையில இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மேல இருக்கிற கண்ணாடி தான் ரெண்டாவது துடிப்பைப் படிகத்துக்குத் திருப்பி விடுது; அது முடியளவு அசைஞ்சாலும் துடிப்போட நேரம் தப்பிடும். நாலு நாளும் நான் இதே ஸ்டூல்ல தான் உட்கார்ந்திருந்தேன்.

எந்திரிச்சு, தள்ளி நின்னு, கையை மட்டும் நீட்டி அழுத்தினேன். திரையில அலை எழும்புச்சு. உடனே கோடு நேரா படுத்துடுச்சு.

மேடம் கத்தியே விட்டாங்க. கண்ணைத் துடைச்சுக்கிட்டு நோட்டைத் திறந்தாங்க.

"அண்ணே, நேத்துக்கும் இன்னைக்கும் என்ன மாத்தினோம்? அதை எழுதினா தான் மத்தவங்க நம்புவாங்க. சொல்லுங்க."

பேனா முனையைத் தாள்ல வச்சுக்கிட்டு என் முகத்தையே பார்த்தாங்க.