வலது பக்கம் நிற்பவன்

“சர்ட்டிபிகேட்டுல மை கூடக் காயலை, அதுக்குள்ள வேலையை விடுறானாம்!” என்றார் மாமா.

மை அச்சு இயந்திரத்தில் வந்தது. அது காய வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் கோபத்தில் இருக்கும் மனிதரைப் போய் யார் திருத்துவது? தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

பம்பு மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை. முதலாளி அக்கா. பில் போடுவது அக்காவின் கணவரான மாமா. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவதற்கு ஓர் அண்ணன் உண்டு. நான்கு வருடம் இங்கேயே வேலை பழகிய தம்பி, போன வாரம்தான் மோட்டார் மெக்கானிக் தேர்வில் முதல் ஆளாகத் தேறியிருந்தான்.

இப்போது மாமா கையில், தம்பியின் பையிலிருந்து விழுந்த ஒரு கடிதம். காது கேட்கும் கருவி பொருத்தும் நிலையம் ஒன்றில் பயிற்சி வேலை. இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“அஞ்சு ஹெச்.பி. மோட்டாரைக் கண்ணை மூடிட்டுப் பிரிச்சுப் போடுறவன், இத்தனூண்டு சாமானை இடுக்கியில பிடிச்சிட்டு உக்காரப் போறியாடா?”

“ஏத்தி விட்ட ஏணியை எட்டி உதைக்கிறான், வேற என்ன?” என்றார் காயில் அண்ணன், கையிலிருந்த கம்பியை விடாமலே.

நாலடி தள்ளி அக்கா ஒரு மோட்டாரை ஓடவிட்டிருந்தாள். ஸ்க்ரூடிரைவரின் முனை பேரிங் மேல்; பிடி, காதுக்குப் பின்னால் எலும்பின் மேல். கண்கள் மூடியிருந்தன. மெக்கானிக்குகளின் பழைய வித்தை அது. உள்ளே ஒரே ஒரு குண்டு தேய்ந்திருந்தாலும் அக்கா சொல்லிவிடுவாள்.

மனிதர்கள் பேசுவதுதான் அவள் காதில் ஏறாது. மனிதர்கள் மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்க முடியாதே!

இது தம்பிக்கு மட்டும் தெரிந்த ரகசியம். ‘திமிர் பிடித்தவள்’ என்றார்கள் வாடிக்கையாளர்கள். “இப்பல்லாம் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுறாங்க” என்பாள் அக்கா. மாமாவுக்கு வித்தியாசமே தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே தன் பேச்சு அவள் காதில் விழுந்ததில்லை என்பது அவர் கட்சி.

அதனால் இரண்டு வருடமாக அக்காவின் வலது பக்கத்தை விட்டுத் தம்பி நகர்வதில்லை. வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் உரக்கத் திருப்பிக் கேட்பான்.

“ஓ, நேத்துலேருந்து தண்ணி ஏறலையா?”

“அடடா, புகை வேற வந்துச்சா?”

அக்கா தலையாட்டுவாள். பையனுக்குக் கொஞ்சம் மந்தபுத்தி என்று வாடிக்கையாளர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

அக்காவுக்காக ரகசியமாக விசாரிக்கத்தான் ஒன்றரை மாதத்துக்கு முன்னால் அந்த நிலையத்துக்குப் போனான். அங்கே ஒருவர் கருவியை மாட்டிக்கொண்டு இரண்டு அடி வைத்தார். சட்டென்று நின்றார். “அட, என் செருப்பு சத்தம் போடுதுப்பா!” என்று குழந்தை மாதிரி மேலும் கீழும் நடந்தார். அன்று அங்கே போன மனசு பட்டறைக்குத் திரும்பவே இல்லை. விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தான்.

“வாயைத் திறயேன்டா. உங்க அக்காகிட்டயாவது சொன்னியா?”

“இல்லை மாமா.”

“பாரு, திரும்பிக்கூடப் பார்க்கலை. அவ்வளவு கோபம்!”

தம்பி பார்த்தான். முனகும் மோட்டார், மூடிய கண்கள். நாளைக்கு ஒருவர் வந்து மோட்டார் எரிந்த கதையைச் சொல்வார். அக்கா புரிந்தது போலச் சிரித்துக்கொண்டு நிற்பாள். வலது பக்கத்தில் ஆள் இருக்காது.

மாமாவின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான்.

“நான் போகலை மாமா. போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடுறேன். அக்காவுக்குக் காது சரியாக் கேக்குறதில்லை. நானும் போயிட்டா யாரு...”

“போகலைன்னா காலை உடைச்சிடுவேன்,” என்றாள் அக்கா, திரும்பாமலே.

அக்கா மோட்டாரை நிறுத்தினாள். காதோரத்து முடியை ஒதுக்கினாள். உள்ளே பட்டாணி அளவில் ஒன்று உட்கார்ந்திருந்தது.

“மாட்டி ஒரு மாசமாச்சு.”

மாமாவின் முகம் வெளிறியது. ஒரு மாதமாக அவள் முதுகுக்குப் பின்னால் என்னென்ன முணுமுணுத்தோம் என்று அவசரமாக நினைவுபடுத்திக்கொண்டிருந்தார்.

“கேட்டுச்சு,” என்றாள் அக்கா அவரிடம். “எல்லாமே.”

மாமா பில் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

“எங்கிட்ட ஏன்க்கா சொல்லலை?”

“சொல்லியிருந்தா பக்கத்துல நிக்கிறதை நிறுத்தியிருப்பே.” அக்கா கையைத் துணியில் துடைத்தாள். “அதை விடு. எனக்காகப் போறதா இருந்தா போகாதே, என் காது இப்ப நல்லா இருக்கு. உனக்குப் பிடிச்சிருக்கா?”

“ரொம்பப் பிடிச்சிருக்குக்கா.”

“அப்போ போனை எடு.”

எடுத்தவன் தயங்கினான். “ஒண்ணுதான் புரியலை. அம்பது பேர் எழுதிப் போட்டிருந்தோம். அதுல பம்பு மெக்கானிக்கை ஏன் கூப்பிட்டாங்க?”

“இதை மாட்டிக்க நான் அங்க போனப்போ உன் விண்ணப்பம் அவங்க மேஜை மேல கிடந்துச்சு. உன் கோழிக் கிறுக்கல் எனக்குத் தெரியாதா? இவன் எங்கிட்டதான் வேலை பார்க்குறான்னேன். காது மிஷின் வேலையில முன் அனுபவம் இருக்கான்னு கேட்டாங்க.”

“இல்லைன்னுதானே சொன்னே?”

“ரெண்டு வருஷம் காது மிஷினாவே இருந்திருக்கான்னு சொன்னேன்.”