மஞ்சள் கழுத்து

கூலி கிடையாது, கங்காணி கிடையாது, ஆனாலும் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதில்தான் சந்தோஷமோ, ஒச்சப்பனுக்கு விளங்கவில்லை.

ஏறி முடித்ததும் ஒரு கூச்சல். அப்புறம் செல்போனுக்கு முன்னால் பல்லைக் காட்டுவது. அப்புறம் இறங்குவது. இதற்கு டிக்கெட் வேறு.

கொச்சியில் மட்டாஞ்சேரி கிட்டங்கிகளில் ஆயுசு முழுக்க மிளகு மூட்டை சுமந்தவர் அவர். ஒரு நாள்கூட மூட்டையைத் தூக்கிக்கொண்டு சிரித்ததில்லை.

பாட்டுப் பெட்டியோடு போன கூட்டம் வளைவில் மறைந்த பிறகு, மருமகள் விஜி வாழையிலைத் துண்டைப் பாறைமேல் விரித்தாள். எள்ளுப் போட்டுப் பிசைந்த சோறு. பக்கத்தில் ஒரு பாளையங்கோடன் பழம்.

கையை நனைத்துக்கொண்டு தட்டினாள். மலையாளத்துக்காரர்கள் காக்கையைக் கூப்பிடுகிற மாதிரி.

ஒச்சப்பன் கூப்பிடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் சிஜு இதே மலையில் போய் வருஷம் திரும்பிவிட்டது.

ஊரில் காயல் கரையில் அமாவாசை தவறாமல் விஜி இலை போட்டுப் பார்த்துவிட்டாள். மீன்காரி கூடைக்குள்ளேயே தலையை விடுகிற காக்கைகள், குழந்தை கையிலிருந்து பருப்பு வடையைப் பிடுங்குகிற காக்கைகள், சிஜுவின் சோற்றை மட்டும் ஒரு கண்ணால் பார்த்துவிட்டு விலகிப் போயின.

காக்கை தொடாத அன்றைக்கு வாயில் எப்படிச் சோறு வைப்பது? விஜி பட்டினி கிடந்தாள். வரவர ஆளே பாதியாகிவிட்டாள்.

"அவரு மலையில பசிச்சு நிக்கிறாரு மாமா. மட்டாஞ்சேரியில இலை போட்டா எங்ஙன வருவாரு?" என்று அவள் தேம்பியபோதுதான் ஒச்சப்பன் வரச் சம்மதித்தார்.

மலையில் காக்கையே இல்லை.

மூடுபனி வந்தது. விலகியது. மறுபடி வந்தது. விஜி உள்ளங்கை சிவக்கத் தட்டினாள்.

"தட்டு, தட்டு. கொச்சியிலருந்து பஸ் பிடிச்சு வரும்" என்றார் ஒச்சப்பன்.

அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.

அப்போதுதான் சோலையோரத்து மரத்திலிருந்து ஏதோ தலைகீழாக இறங்கியது.

கீரி என்றுதான் முதலில் நினைத்தார். கீரிக்கு இவ்வளவு நீள வால் ஏது? உடம்பு கருகருவென்று இருந்தது. தாடையிலிருந்து நெஞ்சுவரை மட்டும் மஞ்சள், யாரோ அரைத்து அப்பிவிட்ட மாதிரி. அதன் பின்னாலேயே இன்னொன்றும் இறங்கியது.

"அசையாதீங்க" என்று கூட வந்திருந்த காட்டு வாச்சர் செல்லதுரை முணுமுணுத்தார். "மரநாய். ஊருல ஓட்டுமேல திரியிறது இல்ல, இது மலைச்சாதி. எங்க கண்ணுலயே எப்பவாச்சும்தான் படும்."

கைதட்டலுக்குப் பயந்து ஓட வேண்டியவை, என்ன சத்தம் என்று பார்க்க வந்திருக்கின்றன.

பாறையைச் சுற்றி வந்தன. மோந்து பார்த்தன. முதலில் பழம் போயிற்று. பிறகு சோற்றில் வாய் வைத்தன. ஒன்று மட்டும் நடுவில் தலையை நிமிர்த்தி, மீசையில் ஒட்டிய எள்ளோடு, விஜியையே பார்த்தது.

விஜி இரண்டு கையையும் கூப்பினாள். சத்தம் வராமல் அழுதாள். ரொம்ப தூரம் நடந்தவளுக்கு ஒருவழியாக உட்கார இடம் கிடைத்த மாதிரி, பாறையடியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஒச்சப்பன் அந்த மஞ்சள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிஜுவோடு மலைக்கு வந்த சேவியர் போலீஸ் ஸ்டேஷனில் இதைத்தான் சொன்னான். கறுப்பாக ஒரு மிருகம், கழுத்து மஞ்சள். அதைப் படம் பிடிக்க சிஜு போனைத் தூக்கிக்கொண்டு மூடுபனிக்குள் போனான். அந்தப் பக்கம் பள்ளம்.

"மஞ்சக் கழுத்தாம்! அப்பிடி ஒரு சீவன் உலகத்துல உண்டா சார்? புளுகுறான். எம்மவன எங்கயோ மறைச்சு வச்சிருக்கான்" என்று ஒச்சப்பன் எல்லார் முன்னாலும் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

பள்ளத்தில் இறங்கித் தேடியவர்களுக்கு ஒரு ஷூ மட்டும்தான் கிடைத்தது. ஷூவுக்குக் கொள்ளி வைக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டார். விஜியின் தாலியைப் பற்றிப் பேச வந்த சொந்தக்காரர்களை வாசலோடு விரட்டினார்.

அந்த மிருகம் பொய்யாக இருந்த வரைக்கும் சிஜு எங்கேயோ உயிரோடு இருந்தான். காக்கை சோற்றைத் தொடாத ஒவ்வொரு அமாவாசையும், விஜி பட்டினி கிடக்க, ஒச்சப்பன் மட்டும் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

இலை காலியானது. மரநாய்கள் வந்த மாதிரியே மரமேறி மறைந்துவிட்டன. கிளை ஒன்று கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

விஜி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மாமா... சேவியர் சொன்னது..."

"அவன் ஒண்ணுன்னுல்ல சொன்னான்" என்றார் ஒச்சப்பன். "இங்க வந்தது ரெண்டு."

அவளுக்காக நிற்காமல், பாறையைத் திரும்பிப் பார்க்காமல், இறங்கி நடந்தார்.