கத்தி படாத உடம்பு

பிரகலாதன் குளியலறையில் டிரிம்மரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரமாக நின்றான். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கணவன் உடம்பில் கத்தி படக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். அதனால் தாடியை மட்டுமல்ல, அக்குள் முடியைக்கூட அவன் எடுக்காமல் விட்டிருந்தான். வியர்வையில் அக்குள் வெந்து சிவந்திருந்தது. ஆறாம் மாதத்திலேயே குழந்தை தங்காமல் போய், நேற்றுதான் வினோதினி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள். இனி முடியை எடுக்கலாமா என்று யாரிடம் போய்க் கேட்பது? எடுத்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஆகிவிடும். எடுக்காவிட்டால், யாருக்காக இன்னும் வளர்க்கிறான்?

கதவைத் தள்ளிக்கொண்டு வினோதினியே வந்தாள். டிரிம்மரை வாங்கிக்கொண்டாள்.

"கையைத் தூக்குங்க."

"எடுக்கலாமா வினோ?"

"ரேசர் வேண்டாம். எரியும்" என்றாள், அவன் கேட்டது அதைத்தான் என்பது போல.

கீழே பேப்பரை விரித்தாள். ஈரம் போகத் துண்டால் ஒற்றி எடுத்து, டிரிம்மரில் சீப்பை மாட்டி, தோலை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, முடி படிந்த பக்கமாகவே மெல்ல ஓட்டினாள். எங்கும் கீறவில்லை. சிவந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தாள். பிறகு பேப்பரை மடித்துக் குப்பைக்கூடை வரை போனவள், அங்கேயே நின்றுவிட்டாள். திரும்பியபோது அந்தப் பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள்.

"குழந்தையோட முதல் முடி குலசாமிக்குன்னு வேண்டிக்கிட்டோமே. இதை என்னங்க பண்றது?"

அவன் தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை.